யார் கைநீட்டுவார் என்று முன்கூட்டியே தெரியுமா?

கேள்வி: அம்பாறை மாவட்டத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையில், ஆண்கள் விடுதிக்குப் பொறுப்புத் தாதியாக இருக்கிறேன். நோயாளிகள் ஊழியரை அடிப்பதும் தள்ளுவதும் கூடிவிட்டது. வெளிநாடுகளில் தரவை வைத்து இதை முன்கூட்டியே கணிக்கிறார்களாம். கணினி வசதி குறைந்த எங்களால் முடியுமா?

பதில்: முடியும் சிஸ்டர். தாளும் பேனாவும் போதும்.

யார் தாக்கக்கூடும் என்று கணிக்க நோர்வேயில் உருவான புரொசெட் பட்டியலில் ஆறே விஷயங்கள்: குழப்பம், எரிச்சல், ஆரவாரம், வாய் மிரட்டல், கையை ஓங்குவது போன்ற உடல் மிரட்டல், பொருட்களைத் தாக்குதல். ஒவ்வொரு ஷிப்டிலும் பார்த்து, இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 போடுங்கள். இயல்பிலேயே சத்தமாகப் பேசுகிறவருக்கு, வழமையைவிடக் கூடினால் மட்டும் 1. மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்த 24 மணித்தியாலத்தில் ஆபத்து அதிகம். சுவிட்சர்லாந்தின் மனநல விடுதிகளில் இதைப் பரிசோதித்து 2008இல் வெளியிட்டார்கள். கடுமையான தாக்குதல்கள் 41% குறைந்தன. உங்களுடையது பொது விடுதி, அதே பலனை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம்.

3 வந்தால் என்ன செய்வது என்பதை முதலே பேசி வையுங்கள். டொக்டரை யார் கூப்பிடுவது, யார் நோயாளியோடு பேசுவது, சேலைன் கம்பியை யார் தள்ளி வைப்பது? அந்தக் கட்டிலுக்குத் தனியாக யாரும் போகக் கூடாது. இது இல்லாவிட்டால் புள்ளி போடுவது வீண் வேலை.

ஆண்கள் விடுதி என்பதால் இன்னொன்று. அனுமதிக்கும்போதே கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டு எழுதுங்கள். தினமும் கசிப்பு குடிப்பவர் கால் முறிந்து ஞாயிற்றுக்கிழமை வந்தால், செவ்வாய் இரவு சேலைனைப் பிடுங்கிக்கொண்டு எழும்பலாம். குடியை நிறுத்தி 48 முதல் 96 மணித்தியாலத்துக்குள் வரும் சித்தப்பிரமை அது. உயிருக்கே ஆபத்தானது, ஆனால் மருந்து உண்டு. ரவுடித்தனம் என்று நினைத்துக் கட்டிப்போடுவதில் பலர் அவசரப்படுகிறார்கள். திடீரென்று குழம்புகிற யாருக்கும் முதலில் குருதிச் சீனியையும் ஒட்சிசன் அளவையும் பாருங்கள்.

சம்பவப் புத்தகத்தில் நேரம், இடம், அதற்குச் சற்று முன் நடந்தது ஆகியவற்றை எழுதுங்கள். ஊரையும் இனத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு ஊர்க்காரரைப் பற்றி மட்டும் அதிகம் முறைப்பாடு எழுதியிருந்தால், அந்தப் பதிவுகளை வைத்துக் கணிக்கும் கணினியும் அந்த ஊரைத்தான் ஆபத்து என்று காட்டும். ஆனால் நோயாளியின் மொழியில் விளக்கம் சொன்னார்களா என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். தமிழும் சிங்களமும் கலந்த உங்கள் மாவட்டத்தில் பல சண்டைகள் அங்கேதான் தொடங்கும்.