ஃபுட்வாலி கேள்வி பதில்: நெட், மணல் மேடு, நெஞ்சு, தலை, கால்

மணலில் வாலிபால் கோர்ட், நடுவில் நெட், பக்கத்துக்கு இரண்டு பேர். கையில் படாமல், மூன்று தொடுதலுக்குள் பந்தை எதிர்ப்பக்க மணலில் இறக்க வேண்டும். பிரேசிலில் பிறந்த ஃபுட்வாலி இதுதான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கால்பந்து ஆடுகிறவர்கள் வாலிபால் நெட்டுக்கு எப்படி வந்தார்கள்?

ரியோ டி ஜெனீரோவின் கோபகபானா கடற்கரையில், 1965-இல். ஒக்டாவியோ டி மொரேய்ஸ் என்பவர் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. அப்போது கடற்கரையில் சில நேரங்களில் கால்பந்து ஆடத் தடை இருந்தது. வாலிபால் கோர்ட்டுகளுக்குத் தடை இல்லை. பந்தை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். முதலில் பக்கத்துக்கு ஐந்து பேர்கூட ஆடினார்கள். நன்றாகக் கால்பந்து ஆடத் தெரிந்த ஐந்து பேர் அந்தச் சின்ன இடத்தில் நின்றால் பந்து தரையில் விழாது, பாயிண்ட் முடியாது. அதனால் இரண்டு பேராகக் குறைந்தது. பிறகு ரொமாரியோ, எட்முண்டோ, ரொனால்டினோ போன்ற பெரிய கால்பந்து ஆட்டக்காரர்கள் மணலில் இறங்கியதும் ஆட்டம் வெளிநாடுகளுக்கும் தெரிந்தது.

கேள்வி: சார், நான் உடற்கல்வி ஆசிரியர். எங்களிடம் பீச் வாலிபால் போஸ்ட்டும் நெட்டும் இருக்கின்றன. அதையே வைத்துக் கோர்ட் போட முடியுமா?

தாராளமாக முடியும் சார். கோர்ட் 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். பழைய அளவான 18-க்கு 9-லும் ஆடுகிறார்கள். புதிதாகப் போடுவதாக இருந்தால் 16-க்கு 8 போடுங்கள். இரண்டு பேர் ஓடிப் பிடிக்க அதுவே போதும்.

மாற வேண்டியது நெட் உயரம். பீச் வாலிபாலில் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. ஃபுட்வாலியில் ஆண்களுக்கு 2.20, பெண்களுக்கு 2.00. அதாவது ஏறக்குறைய ஒரு சாண் இறக்க வேண்டும். அளவை நெட்டின் நடுவில் எடுங்கள். அரை மணி நேரம் ஆடினாலே நெட்டுக்கு அடியில் மணல் குழிந்துவிடும்; ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் சமப்படுத்திவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

மூலை சரியாக வர, பாதிக் கோர்ட்டின் மூலைவிட்டம் 11.31 மீட்டர் வருகிறதா என்று டேப் பிடியுங்கள். முழுக் கோர்ட்டுக்கு 17.89. லைனுக்கு 5 செ.மீ. நாடா போதும். நாடாவை இழுத்துக் கட்ட இரும்பு முளை மட்டும் வேண்டாம், வெறுங்காலில் ஆடும் ஆட்டம் இது. மணல் நிரப்பிய பையையோ மரத்துண்டையோ முழங்கை ஆழத்துக்குப் புதைத்து அதில் கட்டுங்கள். மணல் 40 செ.மீ. ஆழமாவது இருக்க வேண்டும். சிப்பி, கண்ணாடி, கல் பொறுக்கியாக வேண்டும். சுற்றிலும் 3 மீட்டர் காலி இடம் விடுங்கள். சர்வீஸுக்கு ஓடி வர வேண்டியிருப்பதால் பின்னால் இன்னும் கொஞ்சம் இருந்தால் நல்லது.

கேள்வி: எந்தப் பந்து?

5-ஆம் நம்பர் அளவு, மென்மையான மேலுறை, தையல் வழியே நீர் இறங்காத பந்து. போட்டிகளில் மிகாசாவின் ஃபுட்வாலி பந்தை நிறையப் பார்க்கலாம். அது கிடைக்காவிட்டால் பீச் சாக்கர் பந்து நல்ல மாற்று: எடை 400 முதல் 440 கிராம், காற்றழுத்தம் 0.4 முதல் 0.6 பார் வரை. புல்தரைப் பந்தை 1 பாருக்கு ஏற்றிக்கொண்டு வந்தால் நெஞ்சில் பட்டதும் கட்டையில் பட்டது போலத் தெறிக்கும், தலையும் வலிக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் சற்று உள்வாங்கும் அளவுக்குக் காற்றை இறக்குங்கள். வெயிலில் கிடந்தால் பந்தின் அழுத்தம் ஏறும், அதனால் ஆட்டத்துக்கு நடுவிலும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, நெஞ்சில் வாங்கி, கீழே விழுமுன் நானே காலால் அடித்தால் ஃபவுலா?

ஃபவுல்தான் தம்பி. கால்பந்திலிருந்து வருகிற எல்லாருக்கும் முதலில் இடிப்பது இந்த விதிதான். ஒருவர் அடுத்தடுத்து இரண்டு முறை தொடக் கூடாது. நீங்கள், கூட்டாளி, மறுபடி நீங்கள் என்று மூன்று ஆகலாம். ஒரே தொடுதலிலோ இரண்டிலோ அனுப்பினாலும் சரி. நெஞ்சில் பட்டுத் தொடையிலும் உரசினால் அதை இரண்டு தொடுதல் என்றே எண்ணிப் பழகுங்கள்.

தோள்பட்டையின் மேற்பக்கம் படலாம். அதற்குக் கீழே கையின் எந்த இடத்தில் பட்டாலும் பாயிண்ட் எதிரணிக்கு. தெரியாமல் பட்டது என்ற பேச்சே கிடையாது. ஆடும்போது நெட்டைத் தொட்டாலும் பாயிண்ட் போகும். லைனில் விழுந்த பந்து உள்ளே. சர்வீஸ் நெட்டில் உரசி எதிர்ப்பக்கம் விழுந்தால் ஆட்டம் தொடரும். யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ரேலிக்கும் (சர்வீஸிலிருந்து பந்து விழும் வரையிலான ஆட்டம்) ஒரு பாயிண்ட், செட்டை முடிக்க இரண்டு பாயிண்ட் முன்னிலை வேண்டும். செட் 15-ஆ, 18-ஆ, 21-ஆ என்பதும் எத்தனை பாயிண்ட்டுக்கு ஒருமுறை பக்கம் மாறுவது என்பதும் போட்டிக்குப் போட்டி மாறுகின்றன. ஆடுமுன் நடத்துகிறவரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சர்வீஸ் பத்தில் ஆறு நெட்டில் போகிறது. பலமாக அடித்தால் வெளியே போகிறது. என்ன தப்பு?

சர்வீஸ் கடைசி லைனுக்குப் பின்னால் மணலைக் குவித்து, அதன்மேல் பந்தை வைத்துக் காலால் அடிப்பது. பலர் அவசரமாக நாலு விரல் மணலைத் தள்ளி, மேலே பந்தை வைத்து உதைத்துவிடுகிறார்கள். தப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் மேடு. ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, பக்கங்கள் செங்குத்தாக நிற்கும்படி கூம்பு மாதிரி குவியுங்கள். உலர்ந்த மேல்மணல் சரியும், கொஞ்சம் தோண்டினால் வரும் ஈரமணலை எடுங்கள். உச்சியில் உள்ளங்கையால் சின்னக் குழி அழுத்தி, காற்றடைக்கும் துளை கால் படாத பக்கம் இருக்கும்படி பந்தை வையுங்கள். மேடு தாழ்வாகவோ அகலமாகவோ இருந்தால் கால் பந்துக்கு முன் மணலில் படும். வேகம் பாதியாகும், பந்து நெட்டில் போகும். நீங்கள் சொல்லும் ஆறு சர்வீஸில் பெரும்பாலானவை இப்படித்தான் போயிருக்கும்.

அடுத்தது கோணம். லைனுக்கு அரை மீட்டர் பின்னால் மேடு வைத்து எதிர்ப்பக்கக் கடைசி லைனுக்கு ஒரு மீட்டர் முன்னால் விழ வேண்டுமென்றால், பந்து சுமார் 30 டிகிரி கோணத்தில் கிளம்ப வேண்டும். அதற்குக் குறைந்தால் 2.20 மீட்டர் நெட்டைத் தாண்டாது. தாண்டும் வேகத்தில் அடித்தால் கோர்ட்டில் நிற்காது. "மெதுவாக அடித்தால் நெட், பலமாக அடித்தால் அவுட்" என்பதற்குக் காரணம் இந்தத் தாழ்ந்த கோணம். பலத்தைக் கூட்டாதீர்கள், கோணத்தைக் கூட்டுங்கள். மேட்டை இன்னும் ஒன்றரை மீட்டர் பின்னால் தள்ளினால் சற்றுத் தாழ்வாகவும் அடிக்கலாம்.

ஓட்டம் இரண்டு மூன்று அடி போதும். ஊன்றுகால் மேட்டுக்குப் பக்கவாட்டில், பந்துக்கு ஒரு பாத நீளம் பின்னால், பாதம் முழுவதும் பதிய வேண்டும்; குதிகால் மட்டும் குத்தினால் மணலில் அமிழ்ந்து உடம்பு பின்னால் சாயும். கணுக்காலை இறுக்கி, பாதத்தின் உட்பக்கமும் மேற்பக்கமும் சேரும் எலும்பால் பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே அடித்து, காலை இலக்கை நோக்கி மேலே விடுங்கள். எதிர்க்காற்றில் அடித்த சர்வீஸ் கோர்ட்டுக்குள் சட்டென்று இறங்கும். அந்தப் பக்கம் கிடைத்தால் தயங்காமல் பலமாக அடிக்கலாம். காற்று முதுகில் இருந்தால் உயரத்தைக் குறைத்து, எதிரணி இருவருக்கும் நடுவில் போடுங்கள்.

கேள்வி: நெஞ்சில் வாங்கினால் பந்து என் காலடியிலேயே விழுந்துவிடுகிறது. கூட்டாளியால் எடுக்க முடியவில்லை.

புல்தரையில் நெஞ்சை உள்ளே இழுத்துப் பந்தைச் சாகடிப்பீர்கள். இங்கே தேவை நேர் எதிரானது, நெஞ்சால் பந்தை மேலே எழுப்ப வேண்டும். முழங்காலை மடக்கிப் பந்துக்குக் கீழே போங்கள். இடுப்புக்கு மேலே பின்னால் சாய்ந்து நெஞ்சு வானத்தைப் பார்க்கட்டும். கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து பின்னால் போக வேண்டும். முன்னால் வந்தால் பந்து கையில் படும். பந்து தொடும் நொடியில் முழங்காலை நிமிர்த்துங்கள். உயரத்தைக் கொடுப்பது கால், நெஞ்சு வெறும் பலகை. பந்து உங்கள் தலைக்கு மேல் ஒன்றரை மீட்டராவது ஏறி, நெட்டை நோக்கி இரண்டு மூன்று மீட்டர் முன்னால் இறங்கினால் நல்ல ரிசீவ்.

இடுப்புக்குக் கீழே வருவதைத் தொடையால் எடுக்கும்போது தொடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முழங்கால் தாழ்ந்திருந்தால் பந்து முன்னால் ஓடும், உயர்ந்திருந்தால் உங்கள் முகத்துக்கே வரும்.

கேள்வி: எங்கள் அணியில் இரண்டு பேருமே நன்றாக அடிப்போம், ஆனாலும் தோற்கிறோம். எதைப் பயிற்சி செய்வது?

இரண்டாவது பந்தை. நம் ஊர் வாலிபால் மொழியில் சொன்னால் லிஃப்டை, அதாவது அடிப்பவருக்குத் தூக்கிக் கொடுக்கும் பந்தை. அடிக்கத் தெரிந்த இருவரை, லிஃப்ட் தெரிந்த இருவர் சுலபமாக ஜெயிப்பார்கள். மணலில் குதித்தால் உயரம் குறையும், ஓடி வந்து திருத்த நேரம் கிடையாது. பந்து அரை மீட்டர் தள்ளி வந்தாலே அடிப்பவர் வெறுமனே மறுபக்கம் தள்ளிவிட வேண்டியதாகிறது. எதிரணி அதை நின்றபடி வாங்கிக்கொள்ளும்.

தலையால் அடிப்பவருக்கு லிஃப்ட் நெட்டிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் உள்ளே, நெட்டுக்கு மேல் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் உயரம். பாதத்தின் உட்பக்கத்தைத் தட்டுப் போலத் திருப்பிக் கணுக்காலைப் பூட்டி, முழங்காலிலிருந்து தூக்க வேண்டும். கணுக்கால் தளர்ந்தால் பந்து சுழலும், சுழலும் பந்தைத் தலையால் குறிபார்ப்பது கடினம். பந்து இறங்கும் இடத்துக்கு முன்பே போய் நின்றுவிட வேண்டும்; நடந்துகொண்டே கொடுக்கும் லிஃப்ட் எப்போதும் நெட்டைத் தாண்டிப் போகும். ஒருவர் கையால் எறிய, மற்றவர் லிஃப்ட் செய்து மணலில் வைத்த துண்டின்மேல் இறக்கட்டும். பயிற்சி நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். வேறு எதுவும் இவ்வளவு சீக்கிரம் பாயிண்ட் தராது.

கேள்வி: தலையால் எங்கே அடிப்பது?

மூன்று இடம்: மூலைவிட்டமாக ஆழத்தில், பக்க லைனை ஒட்டி நேராக, நெட்டுக்குப் பின்னால் குட்டையாக. முதல் இரண்டுக்கும் நெற்றி, கழுத்து இறுக்கம், இடுப்பிலிருந்து வீச்சு. குட்டைப் பந்துக்குக் கடைசி நொடியில் கழுத்தைத் தளர்த்துங்கள். லிஃப்ட் மேலே போகும்போது ஒரு பார்வை எதிரணியின் மேல் போக வேண்டும். அதற்காகத்தான் லிஃப்ட் உயரமாக வேண்டும் என்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு உச்சந்தலையில் வாங்குவது தலைக்கும் கேடு, பாயிண்ட்டுக்கும் கேடு.

கேள்வி: காலை நெட்டுக்கு மேல் தூக்கி அடிக்கிறார்களே, ஷார்க் அட்டாக். அதைச் சொல்லுங்கள் அண்ணே!

சொல்கிறேன், ஆனால் மேலே உள்ளவை கைவந்த பிறகு தொடுங்கள். இதற்கு வேண்டிய லிஃப்ட் வேறு: நெட்டை ஒட்டி, நெட்டின் மேல் விளிம்பிலிருந்து ஒரு பந்தளவு மேலே மட்டும். வலது காலால் அடிப்பவர் இடது காலில் எம்பி, வலது முழங்காலை முதலில் தூக்கிப் பிறகு காலை நீட்ட வேண்டும். உள்ளங்கால் பந்தின் மேற்பக்கத்துக்குப் போய் அதைக் கீழ்நோக்கி இழுத்து விட வேண்டும். உதைப்பதில்லை, மேலிருந்து அழுத்தி இறக்குவது. அதனால்தான் பந்து நெட்டுக்குப் பின்னால் இரண்டு மீட்டருக்குள் செங்குத்தாக விழுகிறது. பின்னால் நிற்பவர் வந்து சேர முடியாது.

கெடுவது மூன்று வழிகளில். லிஃப்ட் நெட்டிலிருந்து தள்ளி இருந்தால் கால் பந்துக்குப் பின்பக்கம் படும், பந்து பறந்துவிடும். நேராக நெட்டை நோக்கி ஓடி வந்தால் உடம்பு நெட்டில் மோதும். நெட்டுக்குப் பக்கவாட்டாக வந்து எம்புங்கள். தொடை பின்தசை இறுகியிருந்தால் கால் உயரவே உயராது, வலிந்து தூக்கினால் தசை கிழியும். நெட்டை 1.50 மீட்டருக்கு இறக்கி, ஒருவர் பந்தைக் கையில் ஏந்தி நிற்க, காலை மேலே வைத்து இழுத்துப் பழகுங்கள். பிறகு பத்து பத்து செ.மீ. ஏற்றலாம். இறங்கும்போது எம்பிய காலிலேயே முழங்காலை மடக்கி இறங்கிப் பிட்டத்தில் உருளுங்கள். கையை விறைப்பாக ஊன்றினால் மணிக்கட்டு போகும். எதிரணியில் ஒருவர் நெட்டை ஒட்டித் தலை தூக்கியிருந்தால் அடிக்காதீர்கள், பாதம் அவர் முகத்தில் படும்.

கேள்வி: செபக் தக்ரோவும் இதுதானே?

இல்லை. அது தென்கிழக்கு ஆசிய ஆட்டம், பக்கத்துக்கு மூவர், கோர்ட் 13.4-க்கு 6.1 மீட்டர், ஆண்களுக்கான நெட் நடுவில் 1.52 மீட்டர், பந்து பின்னல் பந்து. ஒருவரே அடுத்தடுத்துத் தொடலாம். தக்ரோ ஆடியவர்களுக்கு ஷார்க் அட்டாக் சீக்கிரம் வரும், நெஞ்சு ரிசீவ் தாமதமாக வரும்.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. ஆட விடலாமா?

ஆடட்டும் அம்மா, தலையால் அடிப்பது மட்டும் வேண்டாம். அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் பத்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தலையால் அடிப்பதையே தடை செய்திருக்கிறது. இந்த ஆட்டத்தில் புல்தரையைவிடத் தலைக்கு வேலை அதிகம். நெட்டை அவன் தலை உயரத்துக்கு இறக்கி, 260 முதல் 280 கிராம் எடையுள்ள பீச் வாலிபால் பந்தைக் கொடுங்கள். ஒருமுறை மணலில் குத்தி எழுந்த பிறகு எடுக்கலாம் என்று விதியைத் தளர்த்தினால் ரேலி நீளும், பிள்ளைகளும் விடமாட்டார்கள்.

கேள்வி: ஆடிய மறுநாள் குதிகாலுக்கு மேல் நரம்பு பிடிக்கிறது.

மணலில் குதிகால் ஒவ்வொரு அடியிலும் வழக்கத்தைவிடக் கீழே இறங்குகிறது. கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் அதிகம் இழுபடுகின்றன. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஈரமணலில் பத்து நிமிடம் ஓடிவிட்டு உலர்மணலில் இறங்குங்கள். வலி ஒரு வாரம் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். உச்சிவெயில் மணலுக்கு மணல் சாக்ஸ் போடலாம். இல்லையென்றால் காலை எட்டரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களிடம் நெட்டே இல்லை. நாலு பேர், ஒரு பந்து.

ரியோவில் அல்டீன்யா என்று ஆடுவார்கள்: வட்டமாக நின்று பந்தைக் கீழே விடாமல் கை படாமல் சுற்றிவிடுவது. நாலு மீட்டர் இடைவெளியில் நில்லுங்கள். ஒருவருக்கு ஒரே தொடுதல், பந்து தலைக்கு மேலே ஏறியாக வேண்டும். முதல் சுற்று எந்த உறுப்பாலும், இரண்டாம் சுற்று நெஞ்சும் தொடையும் மட்டும், மூன்றாவது இடது கால் மட்டும். இடைவெளி விடாமல் முப்பது தொடுதல் வந்ததும் இரண்டு மூங்கிலை நட்டு, 2.20-இல் ஒரு கயிறு கட்டிவிடுங்கள்.