கேள்வி-பதில்: நான்கு கிண்ணம் எப்போது வந்தது?

கேள்வி: பெரிய வியாழனன்று எங்கள் சபையில் ‘இயேசு கொண்டாடிய அதே பஸ்கா’ (யூதர்களின் விடுதலைப் பண்டிகை) என்று சொல்லி நான்கு கிண்ணம், கசப்புக் கீரை, புளிப்பில்லா அப்பத்தோடு யூத முறையில் விருந்து நடத்தினார்கள். என் மாமாவோ, திருவிருந்துக்கும் (சபையில் அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் சடங்கு) யூதர்களுக்கும் சம்பந்தமே கிடையாது என்கிறார். யார் சொல்வது சரி? — ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இருவருமே தப்பு. மாமாவை முதலில் முடித்துவிடுவோம். அப்பத்தை எடுத்து, கடவுளுக்கு நன்றி சொல்லி, பிட்டுக் கொடுப்பது யூத வீட்டுச் சாப்பாட்டு வழக்கம். ‘உடன்படிக்கையின் இரத்தம்’ யாத்திராகமம் 24இல் மோசே சொன்னது. அந்தக் கடைசி விருந்து பஸ்கா விருந்துதான் என்கிறார்கள் மத்தேயு, மாற்கு, லூக்கா. யோவானின் கணக்குப்படி பஸ்காவுக்கு ஆயத்தமாகும் நாளிலேயே இயேசு சிலுவையில் அறையப்படுகிறார். நாள் இடிக்கிறது, ஆனால் நால்வரில் ஒருவர்கூட பஸ்காவை விட்டுவிட்டுக் கதை சொல்லவில்லை. மாமா வேதப்புத்தகத்தைத் திறந்தாலே போதும்.

உங்கள் சபையின் தப்பு இதைவிட சுவாரசியமானது. இயேசு காலத்தில் எருசலேம் தேவாலயம் நின்றுகொண்டிருந்தது. பஸ்கா ஆட்டை அங்கே பலியிட்டு, நகருக்குள் வீடுகளில் கூடிச் சாப்பிட்டார்கள். கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தார்கள், பலியும் நின்றது. ஆடில்லாத பஸ்காவை யூத மத ஆசிரியர்களான ரபிகள் கேள்வியும் கதையும் பாட்டுமாக மறுபடி கட்டியெழுப்பினார்கள். நான்கு கிண்ணத்தை விதியாகச் சொல்லும் மிஷ்னா என்ற யூதச் சட்ட நூல் தொகுக்கப்பட்டதே சுமார் கி.பி. 200இல்தான். சுவிசேஷங்களில் லூக்காவின் விருந்தில் மட்டும் இரண்டு கிண்ணம், மத்தேயுவிலும் மாற்கிலும் ஒன்று, யோவானின் விருந்தில் கிண்ணப் பேச்சே இல்லை. ஆக, இன்றைய யூத விருந்து திருவிருந்துக்குத் தாய் இல்லை, கூடப் பிறந்தது.

வேரைத்தான் பார்க்க வேண்டுமென்றால் ‘திதாகே’ என்ற பழைய சபை நூலைப் படிக்கச் சொல்லுங்கள். கான்ஸ்டாண்டிநோபிளில் 1873இல் கிடைத்தது. அதில் முதலில் கிண்ணம், தாவீதின் திராட்சைக்கொடிக்காக நன்றி, அப்புறம் அப்பம், வயிறு நிறைந்தபின் இன்னொரு நன்றி ஜெபம். யூதர்கள் சாப்பிட்டு முடித்துச் சொல்லும் ஜெபத்தின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது. ‘இது என் சரீரம், இது என் இரத்தம்’ என்ற இயேசுவின் பேச்சே அந்த ஜெபங்களில் இல்லை! அந்த வார்த்தைகள் கி.பி. 50களிலேயே பவுலின் கடிதத்தில் வந்துவிட்டன என்பதும் உண்மை. இரத்தத்தை உண்ணக்கூடாது என்று லேவியராகமம் 17 கண்டிப்பாகத் தடுக்கிறது. எனவே கிண்ணத்தைக் கொடுத்து ‘பானம்பண்ணுங்கள்’ என்று இயேசு சொல்லும் இடத்தை யூத வேரை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது.

போதகரிடம் இன்னொன்றும் கேளுங்கள். திருவிருந்து அப்பத்தை யூதர்கள் குத்திச் சிதைத்தார்கள் என்று 1298இல் ஜெர்மனியின் ரோட்டிங்கனில் கிளம்பிய பழியால், அந்த பிராங்கோனியா வட்டாரம் முழுவதும் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். யூதர் ஒருவர்கூட இல்லாத மேசையில் அவர்களுடைய விருந்தை நடத்திக்காட்டியபோது, அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னாரா?