மாணவர் பாடல் காணொளியில் எங்கே வெட்டுவது?

கேள்வி: பல்கலைக்கழகச் செயற்றிட்டத்திற்காக நண்பியின் பாடல் ஒன்றுக்கு நான்கு நிமிடக் காணொளி தொகுக்கிறேன். ஒவ்வொரு தாள அடிக்கும் ஒரு வெட்டு வைத்தும் உயிரற்றுத் தெரிகிறது. எங்கே வெட்ட வேண்டும்? ஸ்லோ மோஷன் சேர்த்தால் சரியாகுமா?

பதில்: அடிகளை எண்ணுவதைச் சற்று நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வரியிலும் வினைச்சொல் எங்கே விழுகிறது என்று கேட்டுப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் நாங்கள் நால்வர், இரவல் கமெராவுடன் வெள்ளவத்தைக் கடற்கரையில் எடுத்த இறுதியாண்டுக் காணொளியை நானே ஒருமுறை கெடுத்த பின்னர்தான் இது எனக்கு விளங்கியது.

எங்கள் பாடல் நிமிடத்திற்கு 100 அடிகள் என்ற வேகத்தில் அமைந்தது. விநாடிக்கு 25 பிரேம் என்ற கணக்கில் ஓர் அடிக்குச் சரியாக 15 பிரேம் வருமாதலால், 15, 30, 60 என்று அடையாளமிட்டு, செங்கல் அடுக்குவதுபோல் வெட்டி அடுக்கினேன். இரண்டாவது நிமிடம் முடிவதற்குள், பக்கத்திலிருந்து பார்த்த என் தங்கை அடுத்த வெட்டு வரும் இடத்தில் மேசையில் விரலால் தட்டத் தொடங்கிவிட்டாள். பாட்டு அவள் காதிலேயே விழவில்லை.

அந்தப் பாடலின் முதற் சரணம் “கரையில் விட்ட செருப்பை அலை கொண்டு போனது” என்ற வரியுடன் முடியும். நான் “செருப்பை” என்ற சொல்லிலேயே பாடகியின் முகத்திலிருந்து, அலையில் மிதந்து செல்லும் செருப்புக்கு வெட்டியிருந்தேன். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வருவதால், செருப்புக்கு என்ன நேர்ந்தது என்பது “போனது” வரும்வரை கேட்பவருக்குத் தெரியாது; வரிக்குள் இருந்த அந்தக் காத்திருப்பை என் படம் முன்கூட்டியே போட்டுடைத்துவிட்டது. ஆங்கிலத்தில் வினை பெரும்பாலும் வரியின் முன்பாதியிலேயே வந்துவிடுவதால், ஆங்கிலப் பாடல்களை வைத்துச் சொல்லித்தரும் தொகுப்புப் பாடங்களில் இந்தச் சிக்கலைப் பற்றி நான் எதையும் கேட்டதில்லை.

மறுதொகுப்பில், வரி முழுவதும் முகத்தை விட்டுவைத்து, “போனது” முடிந்து அவர் மூச்சிழுக்கும் இடத்தில், நாங்கள் கழித்துவிட்டிருந்த ஒரு ஷொட்டுக்கு வெட்டினேன். மரைன் டிரைவ் நடைபாதையில் கமெராவும், ரயில் பாதைக்கு அப்பால் கடலோரப் பாறையில் பாடகியும் இருந்தபோது, இடையில் வந்த ரயில் ஒன்று 12 விநாடிகள் அவரை முற்றாக மறைத்தது. கடைசிப் பெட்டி கடந்தபோது அலைக்குப் பயந்து அவர் நகர்ந்துவிட்டிருந்ததால், பாறை வெறுமையாகக் கிடந்தது. பார்வையிட்ட விரிவுரையாளர் ஒருவர் அது பிழையான ஷொட், நீக்குங்கள் என்றார். 20 அடிகள் ஒரு வெட்டும் இல்லாமல் ஓடுவது நீளம்தான், ஆனால் அந்த இடையிசைக்கு அதுதான் பொருந்தியது. செருப்பு மிதக்கும் ஷொட்டுக்காக அரை நாள் முழங்காலளவு தண்ணீரில் நின்றோம், ஒரு சோடி செருப்பு உண்மையாகவே போயிற்று. அந்த ஷொட் இறுதிப் பிரதியில் இல்லை.

தாளத்தை முற்றாகக் கைவிடச் சொல்லவில்லை. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் படித்திருந்தால் எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டுத் தொடங்கும் இடம், நினைவிருக்கும்: தாளத்துடன் சேர்ந்து பாட்டுத் தொடங்கினால் சமம், அதற்கு முன்னரே தொடங்கினால் அதீதம், தாளம் தொடங்கிய பின் தொடங்கினால் அநாகதம். வெட்டுக்கும் இவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். அடிக்கு ஓரிரு பிரேம் முன்னர் வெட்டினால், புதிய படம் கண்ணில் பதிந்த நிலையில் அடி விழுவதால் வெட்டு உறுதியாகத் தெரியும். சற்றுப் பின்தள்ளினால் ஒரு தயக்கம் தோன்றும், பிரிவைப் பாடும் சரணத்தில் அந்தத் தயக்கம் நல்லதே. சமத்தில் விழும் வெட்டுகளைப் பல்லவி திரும்பி வரும் இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அப்போது தங்கைக்கு மேசையில் தட்ட முடியவில்லை.

ஸ்லோ மோஷன் இதைக் காப்பாற்றாது. விநாடிக்கு 25 பிரேமில் ஏற்கெனவே எடுத்த, வாயசைப்பு உள்ள ஷொட்டை மெதுவாக்கினால் உதடு பாட்டை விட்டுப் பிரிந்துவிடும். இடையிசையில் மட்டும் பயன்படுத்துங்கள். பாடும்போதே வேண்டுமென்றால் மீண்டும் எடுக்கத்தான் வேண்டும்: பாடலை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு, அதற்கு வாயசைக்கச் செய்து, 50 பிரேமில் பதிவுசெய்து 25இல் ஓட்டினால் உதடு சரியாகப் பொருந்தும். டியூப் லைட் உள்ள அறையென்றால் ஷட்டரை 1/100 விநாடியில் வையுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த விளக்கு விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. 1/60இல் எடுத்த எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக் காட்சி முழுவதிலும் பட்டைபட்டையாகக் கோடுகள் ஓடின, கடைசியில் அதையும் கழித்துவிட்டோம்.