ஐந்தே மாதத்தில் போன ஃப்யூல் பம்ப்: வண்டி பழசு என்றால் கேட்கக் கூடாதா?

கேள்வி: வக்கீல் சார், என்னுடையது 2011 மாடல் மாருதி ஈக்கோ. நிலக்கோட்டையிலிருந்து மதுரை மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றிப் போகிறோம், நானும் தம்பியும் மாறி மாறி ஓட்டுகிறோம். கம்பெனியில் வந்த பம்ப் 1,32,000 கி.மீ. வரை ஓடியது. பிப்ரவரியில் திண்டுக்கல் ஒர்க்‌ஷாப் ஒன்றில் 7,800 ரூபாய் கொடுத்துப் புது பம்ப் போட்டேன். 9,000 கி.மீ. ஓடுவதற்குள், ஜூலையில் ஒரு நாள் விடியற்காலை 3 மணிக்கு வாடிப்பட்டிப் பக்கத்தில் நின்றுவிட்டது. 11,000 ரூபாய் மல்லிகை வீணாகிவிட்டது. கட்டி இழுத்துப் போய் அதே ஒர்க்‌ஷாப்பில் விட்டால், "எலக்ட்ரிக்கல் அயிட்டத்துக்கு கேரண்டி இல்ல, இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் அப்படி, நீங்களும் ரிசர்வ்லயே ஓட்டுறீங்க" என்கிறார்கள். மறுபடி 8,500 கொடுத்தால்தான் வண்டி என்கிறார்கள். ஒரு பம்ப் இத்தனை வருஷம் வர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதா?

பதில்: இல்லை. எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு கணக்கு கிடையாது. ஆனால் உங்கள் கேஸ் அந்தக் கணக்கில் நிற்கவும் இல்லை. டேங்குக்குள் இருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் எலக்ட்ரிக் பம்ப் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடுவது சாதாரணம், அதற்கு உங்கள் வண்டியே சாட்சி. அதே வண்டி, அதே ரோடு, அதே டிரைவர், பழைய பம்ப் 1,32,000 வந்திருக்கிறது, புதுசு 9,000 கூட வரவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். ஆனால் இது சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். சேவையில் குறைபாடு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதனால் நீங்கள் தேட வேண்டிய விடை, இந்தக் குறிப்பிட்ட பம்ப் ஏன் செத்தது என்பதற்கு.

அந்த விடை செத்துப்போன பம்பிலேயே இருக்கிறது. அது இப்போது யாரிடம்? ஒர்க்‌ஷாப்காரரிடம். கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதறியது அங்கேதான், ஏனென்றால் பழைய இரும்புக் கடைக்கு அது ஒருமுறை போய்விட்டால் உங்கள் கையில் வெறும் கோபம்தான் மிஞ்சும். நாளைக்கே போய், கழற்றிய பம்பைக் கேட்டு வாங்குங்கள். இன்னும் கழற்றவில்லை என்றால் உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லி, டேங்க் வாயிலிருந்து போனில் வீடியோ எடுங்கள். பம்பின் அடியில் வலை மாதிரி ஒரு ஸ்ட்ரெய்னர் இருக்கும், அதைக் கிட்டத்தில் எடுங்கள். அது பழுப்பு நிறத்தில் துருவும் சேறுமாக அடைத்திருந்தால் பிப்ரவரியில் டேங்கைக் கழுவாமல் புது பம்பை இறக்கியிருக்கிறார்கள் என்று வாதிட இடம் கிடைக்கிறது. பதினான்கு பதினைந்து வருட டேங்கில் பம்ப் மாற்றும்போது உள்ளே எட்டிப் பார்க்காத மெக்கானிக் வேலையை முழுசாகச் செய்யவில்லை, அதுவே சேவைக் குறைபாடு. வலை சுத்தமாக இருந்து மோட்டார் மட்டும் எரிந்திருந்தால் சரக்கின் மீதுதான் சந்தேகம். பம்பின் உடம்பில் பார்ட் நம்பர், கம்பெனிப் பெயர் இருக்கிறதா, முழு அசெம்பிளி போட்டார்களா அல்லது பழைய கூட்டுக்குள் ஒரு லோக்கல் மோட்டாரை மட்டும் செருகினார்களா என்பதையும் பாருங்கள். 7,800 எதற்காக வாங்கினார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

பில்லைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. துண்டுச் சீட்டில் "பம்ப் + கூலி 7800" என்று கிறுக்கிக் கொடுத்திருந்தாலும் பத்திரமாக வையுங்கள். அதுவும் இல்லையென்றால் யுபிஐயில் பணம் போன விவரம் போதும். பில் கொடுக்காமல் விட்டதே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47) பிரிவின்படி நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்று.

இனி அவர்கள் சொல்லும் மூன்று பதில்கள். "எலக்ட்ரிக்கலுக்கு கேரண்டி இல்லை" என்பது கடை வழக்கம், சட்டம் இல்லை. கேரண்டி அட்டை இல்லை என்பதற்காக மட்டமான சரக்கை விற்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. எந்த பம்ப் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, இந்த வண்டிக்குப் போடுங்கள் என்று அவருடைய தொழிலறிவை நம்பி விட்டீர்கள். அப்படி நம்பி வாங்கும் பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 16-வது பிரிவிலேயே இருக்கிறது.

எத்தனால் விஷயம் கொஞ்சம் வேறு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு என்று உங்கள் 2011 வண்டி செய்யப்படவில்லை என்பது உண்மை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய டேங்கில் அது நல்லதல்ல. இ20-ஐ எதிர்த்துப் போட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது, ஆகவே பெட்ரோலைக் குற்றம் சொல்லி நீங்களோ அவரோ தப்பிக்க முடியாது. நான் திருப்பிக் கேட்பது இதுதான்: பிப்ரவரியில் பம்ப் போட்டபோது பங்கில் என்ன பெட்ரோல் விற்றது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்திருந்தால் அதைத் தாங்கும் பம்பைப் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவதில்தான் உங்களிடமும் தப்பு இருக்கலாம். டேங்குக்குள் இருக்கும் பம்புக்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் கொடுப்பது பெட்ரோல்தான். தினமும் 300 ரூபாய்க்கு அடித்து ரிசர்வ் முள்ளிலேயே ஓட்டினால் மோட்டார் சூடேறி ஆயுசு குறையும். அந்தப் பழக்கம் உங்களுக்கு உண்டென்றால் பிரமாணப் பத்திரத்தில் "எப்போதும் ஃபுல் டேங்க்" என்று பொய் எழுதாதீர்கள், யுபிஐ ஸ்டேட்மெண்டைக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். "முதல் பம்பையும் இப்படித்தான் ஓட்டினேன், அது 1,32,000 வந்தது" என்பதே நேர்மையான பதில், பலமான பதிலும் கூட. எல்பிஜி கிட் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெளியில் போட்ட கிட் சிலவற்றில் கேஸில் ஓடும்போதும் பெட்ரோல் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும், டேங்க் காலியாக இருந்தால் எரிந்துவிடும்.

அப்புறம் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது. ரிப்பேர் செய்தவருக்குக் கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவு உரிமை தருகிறது, உண்மைதான். ஆனால் அது செய்து முடித்த வேலைக்கு. பிப்ரவரி வேலைக்கு நீங்கள் முழுசாகக் கொடுத்துவிட்டீர்கள், இரண்டாவது பம்பைப் போடச் சொல்லவே இல்லை. சொல்லாத வேலைக்கு வண்டியைப் பிடித்து வைக்க முடியாது. வாட்ஸப்பிலேயே "புது பம்ப் போட வேண்டாம், வண்டியை எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதி அனுப்புங்கள். பூ சீசன், வேறு வழியில்லை, பணம் கட்டித்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால் "எதிர்ப்புடன் செலுத்துகிறேன்" என்று மெசேஜ் போட்டுவிட்டு யுபிஐயில் கட்டுங்கள். "திருப்தி" என்று எங்கேயும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பூ வியாபாரத்துக்கு ஓடும் வண்டி ஆயிற்றே, நீங்கள் நுகர்வோரா என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே பயன்படுத்தினால் நீங்கள் நுகர்வோர்தான், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(7) பிரிவின் விளக்கமே அதைச் சொல்கிறது. கோவை பிஎஸ்ஜி நிறுவனம் சம்பந்தப்பட்ட 1995 வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது, குடும்பத்தார் சேர்ந்து உழைத்தாலும் பரவாயில்லை என்றது. நீங்களும் தம்பியும் ஓட்டுவது இதற்குள் அடங்கும். சம்பள டிரைவர் வைத்து நாலு வண்டி ஓட்டினால் கதை வேறு.

11,000 ரூபாய் மல்லிகை கிடைக்குமா? முழுசாகக் கிடைக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். வண்டி நின்றால் பூ வாடும் என்பது பம்ப் போடும்போதே அவருக்குத் தெரிந்திருந்தால்தான் அந்த நஷ்டத்தை அவரிடம் கேட்க முடியும். பிப்ரவரியில் "நாளைக்கு விடியக்காலம் பூ லோடு இருக்கு, வண்டி கண்டிப்பா வேணும்" என்று ஏதாவது மெசேஜ் அனுப்பியிருந்தால் தேடி எடுங்கள், அது தங்கம். கூடவே கமிஷன் மண்டிச் சீட்டு, வண்டியை இழுத்த கூலி ரசீது. மற்றபடி பம்ப் பணம், ஓரளவு நஷ்ட ஈடு, வழக்குச் செலவு, இவ்வளவு எதிர்பார்க்கலாம்.

முதலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், 15 நாள் கொடுங்கள், இலவசமாக நல்ல பம்ப் போட்டு பில்லும் கொடுக்கிறேன் என்றால் வாங்கிக்கொண்டு வாருங்கள், இந்தத் தொகைக்கு வருடக்கணக்கில் அலைவதைவிட அது மேல். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம், சில கடைக்காரர்கள் அந்தப் போனுக்கே இறங்கி வருவார்கள். மசியவில்லை என்றால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் போட வேண்டும், மேற்கொண்டு 15 நாள்தான் நீட்டிக்கலாம், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. வழக்குப் போட 2 வருடம் இருக்கிறது, ஆனால் பம்ப் உங்கள் கைக்கு வர அத்தனை நாள் கிடையாது. அதை வேறொரு நல்ல மெக்கானிக்கிடமோ கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ காட்டி, கெட்டதற்குக் காரணத்தை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.

அடுத்த பம்பை யார் போட்டாலும் சரி, டேங்கை இறக்கிக் கழுவியதைப் படம் எடுங்கள், டப்பாவின் மேல் இருக்கும் பார்ட் நம்பரை பில்லில் எழுதச் சொல்லுங்கள், எத்தனை மாதம் கேரண்டி என்று அதே பில்லில் கையெழுத்தோடு வாங்கிக்கொண்ட பிறகு பணத்தை எடுங்கள்.