யார்க் மதிலும் சட்டமும்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பழஞ்சின்னங்களைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளில் சில.

பழஞ்சின்னங்களைக் காக்கும் 'லிஸ்டட்', 'ஷெட்யூல்டு' என்ற சட்டப் பட்டியல்கள் இரண்டும் ஒன்றுதானே சார்?

இல்லை. லிஸ்டட் கட்டடத்தில் குடியிருக்கலாம், கடை வைக்கலாம்; மாற்றம் செய்ய பெரும்பாலும் நகர சபையின் அனுமதி போதும். ஷெட்யூல்டு என்றால் பிடி இன்னும் இறுக்கம். பழஞ்சின்னங்களுக்கான 1979 சட்டப்படி, பழுதுபார்க்கக்கூட அமைச்சரின் அனுமதி வேண்டும். அவருக்கு ஆலோசனை சொல்வது ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு. சுமார் 3.4 கி.மீ. நீளமுள்ள யார்க் மதிலுக்கு இரண்டு காப்பும் உண்டு.

அப்போ யார்க் மின்ஸ்டர் பேராலயமும் ஷெட்யூல்டுதான், இல்லையா?

அதுதான் இல்லை. வழிபாடு நடக்கும் தேவாலயத்தைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. மின்ஸ்டர் முதல் தர லிஸ்டட் கட்டடம்.

ரோமானியர் கட்டியது ஏதாவது மிச்சம் இருக்கிறதா அண்ணா?

மியூசியம் கார்டன்ஸ் பூங்காவில் இருக்கும் மல்ட்டாங்குலர் டவருக்குப் போங்கள். ரோமானியக் கோட்டையின் மூலைக் கோபுரம் அது. கீழே சின்னச் சின்னதாகச் செதுக்கிய கற்கள், நடுவே சிவப்பு ஓடு பதித்த ஒரு பட்டை. அந்தச் சின்னக் கற்கள் இருக்கும்வரை ரோமானியர் வேலை. அதற்கு மேல் கற்கள் பெரிதாகிவிடும், அம்பு எய்யும் துளைகளும் வரும். அது இடைக்காலத்தார் ஏற்றிக் கட்டியது. ஆயிரம் வருட இடைவெளி ஒரே சுவரில்! உள்ளே போனால் ரோமானியக் கல் சவப்பெட்டிகள் வரிசையாகக் கிடக்கும். அவசரப்படாமல் பாருங்கள்.

மதிலையே இடிக்கப் பார்த்தார்களாமே?

ஆமாம், 1800 வாக்கில் நகர நிர்வாகமே கிளம்பியது. அப்போது காப்பாற்றச் சட்டம் ஏது? முதல் சட்டம் வந்ததே 1882இல்தான். ஓவியர் வில்லியம் எட்டி போன்றவர்கள் போராடியதால் மதில் தப்பியது. வாசல்களுக்கு முன்னால் நீட்டிக் கட்டியிருந்த காப்பரண்கள் மட்டும் ஒவ்வொன்றாகப் போயின. வால்ம்கேட் பார் என்ற வாசலில் ஒன்றே ஒன்று மிச்சம். அப்புறம் ரயில் வந்தது, மதிலைக் குடைந்து வளைவு போட்டார்கள்.

ஷெட்யூல்டு இடத்தில் புதிதாக எதுவுமே கட்ட முடியாதா?

முடியும், அனுமதி கிடைத்தால். மேட்டின்மேல் நிற்கும் கோட்டைக் கோபுரமான கிளிஃபோர்ட்ஸ் டவரின் உள்ளே 2022இல் மரத்தாலான மேல்தளம் திறந்தார்கள். நான்கு தூண்கள் பாரத்தைத் தாங்குகின்றன; பழைய சுவர்மேல் சுமை இல்லை. எனக்குப் பிடித்த வேலை அது. 1190இல் அந்த மேட்டின்மேல் இருந்த மரக்கோபுரத்தில்தான், தாக்க வந்த கும்பலுக்குப் பயந்து ஒளிந்த சுமார் 150 யூதர்கள் மாண்டார்கள். இப்போதுள்ள கல் கோபுரம் அதற்கு அடுத்த நூற்றாண்டில் எழுந்தது.

மெட்டல் டிடெக்டர் கொண்டு வரலாமா?

வேண்டவே வேண்டாம். ஷெட்யூல்டு இடத்தில் அனுமதியில்லாமல் அதை இயக்குவதே குற்றம். ஒன்றும் கிடைக்காவிட்டாலும்தான்.

'பார்' என்கிறீர்களே, மதுக்கடையா?

இங்கே 'பார்' என்றால் நகர வாசல். 'கேட்' என்றால் தெரு, வைக்கிங்குகள் விட்டுப்போன சொல். மிக்கில்கேட் பார் என்றால் பெருந்தெரு வாசல். 1460இல், அரியணைக்கு உரிமை கோரிய யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையைக் காகிதக் கிரீடத்தோடு செருகி வைத்தது அங்கேதான். மதுக்கடை கேட்டீர்களே, அதற்கும் குறைவில்லை. வாசலைத் தாண்டி உள்ளே நடங்கள்.