தோசைக்கல்லும் விமானமும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ராஸ்பெரி பை 3பி என்னும் சிறு கணினியையும், டி.வி. பார்ப்பதற்கென விற்கப்படும் யூஎஸ்பி டாங்கிள் ஒன்றையும் வாங்கி, வானில் செல்லும் விமானங்களை வரைபடத்தில் காட்டும் டம்ப்1090 மென்பொருளை நிறுவினேன். உலாவியில் வரைபடம் திறக்கிறது. ஆனால் ஒரு விமானம்கூடத் தென்படவில்லை. மாடியில் நின்றால் விமானம் போவது கண்ணுக்கே தெரிகிறது. மென்பொருளை இருமுறை அழித்து ஏற்றியும் பயனில்லை. தவறு எங்கே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: மூன்றாம் முறையும் அழித்து ஏற்ற வேண்டாம். வரைபடத்தைக் காட்டும் பகுதி வேறு. டாங்கிளிலிருந்து வரும் சமிக்ஞையைப் பிரித்துப் படிக்கும் நிரல் வேறு. பின்னது நின்றுபோயிருந்தாலும் முன்னது வெறும் வரைபடத்தைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் வீட்டில் நடப்பது அநேகமாக அதுதான்.

பயணிகள் விமானம் தன் இருப்பிடத்தை ஜி.பி.எஸ். வழியாக அறிந்து, 1090 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் வினாடிக்குச் சுமார் 2 முறை தானாகவே அறிவித்தபடி செல்கிறது. ஏ.டி.எஸ்.-பி. எனப்படும் இம்முறையில் ஓர் அறிவிப்பு 112 பிட் நீளமுடையது. அது வானில் ஒலித்து முடிய 120 மைக்ரோ வினாடியே ஆகும். இதைப் பிடிப்பது உங்கள் டாங்கிளில் உள்ள ஆர்.டி.எல்.2832யூ என்னும் சில்லு. டி.வி.க்காகச் செய்யப்பட்ட இச்சில்லு, தான் வாங்கும் அலையைப் பதப்படுத்தாமல் அப்படியே கணினிக்குத் தரவும் வல்லது என்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்த பிறகு, டி.வி. பார்ப்பதற்கு இதை வாங்குவோரைவிட வானொலி ஆராய்ச்சிக்கு வாங்குவோரே அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் உங்கள் கணினியின் இயங்குதளமான லினக்ஸுக்கு அது தெரியாது. டாங்கிளைச் செருகியவுடன், வந்திருப்பது டி.வி. கருவி என்று எண்ணி, தன்னிடமுள்ள டி.வி. டிரைவரை (கருவியை இயக்கும் நிரலை) அதனுடன் இணைத்துவிடுகிறது. அதன் பிறகு டம்ப்1090 போய்க் கேட்டால், கருவி வேறொருவர் கையில் இருக்கிறது என்ற பதிலே கிடைக்கும். டம்ப்1090-இன் பதிவேட்டை (லாக்) திறந்து பார்த்தால் கருவியைக் கைப்பற்ற முடியவில்லை என்ற பொருளில் ஒரு வரி நிற்கும். அந்த டி.வி. டிரைவரின் பெயரை, ஏற்றக் கூடாத டிரைவர்களைப் பட்டியலிடும் பிளாக்லிஸ்ட் கோப்பில் எழுதி, கணினியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்க வேண்டும். சில நிறுவல் தொகுப்புகள் இக்கோப்பைத் தாமே எழுதிவிடுகின்றன. ஆயினும் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்ட டிரைவர், மறுபடி இயக்கும்வரை இறங்குவதில்லை. நிறுவி முடித்தவுடனேயே வரைபடத்தைத் திறந்து பார்த்து ஏமாறுவோரில் பலர் இந்தப் படியைத் தாண்டாதவர்கள்.

அதன் பின்னும் வரவில்லையென்றால் மின்சாரத்தைப் பாருங்கள். பை 3பி-க்கு 5 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் தரக்கூடிய அடாப்டர் தேவை. நான் முதன்முதலில் இதை அமைத்தபோது, டாங்கிள் சில நிமிடம் வேலை செய்வதும் காணாமல் போவதுமாக 3 நாள் படுத்திய பாட்டுக்குக் காரணம், பழைய கைப்பேசி ஒன்றின் மெல்லிய சார்ஜர் ஒயர் என்று கடைசியில்தான் தெரிந்தது. அடாப்டர் நன்றாகவே இருந்தது. ஒயரில்தான் வோல்ட்டேஜ் இறங்கிக்கொண்டிருந்தது. கணினியைத் திரையுடன் இணைத்திருக்கும்போது மூலையில் மஞ்சள் நிற மின்னல் குறி தோன்றினால் அதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

கேள்வி: எனக்கு விமானங்கள் தெரிகின்றன, ஆனால் 50 கிலோ மீட்டரைத் தாண்டுவதில்லை. டாங்கிளுடன் வந்த சிறு ஆன்டெனாவை ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். விலை உயர்ந்த ஆன்டெனா வாங்கினால் தூரம் கூடுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வாங்குவதற்கு முன் இருப்பதை இடம் மாற்றிப் பாருங்கள். இந்த அலை நேர்க்கோட்டில் செல்வது. சுவரும் மலையும் பூமியின் வளைவும் அதை மறைத்துவிடும். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அவ்வுயரத்திலிருந்து வானொலி அலைக்குக் கிடைக்கும் அடிவானத் தூரம் கிலோ மீட்டரில் கிடைக்கும். 35,000 அடியில் பறக்கும் விமானத்துக்கு இது ஏறக்குறைய 425. மாடியில், தரையிலிருந்து 9 மீட்டர் உயரத்தில் வைக்கும் ஆன்டெனாவுக்கு 12 மட்டுமே. இரண்டையும் கூட்டினால் வருவதே எல்லை. கணக்கைப் பார்த்து, மாடி ஏறினால் 12 கிலோ மீட்டர்தானே கூடும், அதற்கு இவ்வளவு சிரமமா என்று கேட்டுவிடக் கூடாது. மாடி ஏறுவது அந்தப் பன்னிரண்டுக்காக அன்று, பக்கத்து வீட்டுச் சுவரையும் தென்னையையும் தண்ணீர்த் தொட்டியையும் கடப்பதற்காக. ஜன்னல் ஆன்டெனா வானத்தின் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கிறது. கண்ணாடியில் வெயில் தடுப்புப் படலம் ஒட்டியிருந்து, அதில் உலோகப் பூச்சும் இருந்தால், அந்தப் பக்கத்தையும் சரியாகப் பார்ப்பதில்லை.

இனி அந்தச் சிறு ஆன்டெனா. 1090 மெகா ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 27.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு 6.9 சென்டிமீட்டர். நீட்டிச் சுருக்கும் வகையாக இருந்தால் அடியிலிருந்து நுனிவரை 6.9 சென்டிமீட்டர் இருக்குமாறு சுருக்கிவிடுங்கள்; முழுவதும் நீட்டி வைத்தால் அதிகம் கிடைக்கும் என்பது தவறான எண்ணம். அது செங்குத்தாகவே நிற்க வேண்டும். கீழே ஓர் உலோகத் தகடும் வேண்டும். இதற்குப் பழைய இரும்புத் தோசைக்கல்லை மிஞ்சிய பொருளை நான் கண்டதில்லை: ஆன்டெனாவின் அடியில் உள்ள காந்தம் பிடித்துக்கொள்ளும், காற்றில் நகராது, கால் அலைநீளத்துக்குத் தேவையான அகலத்தைப்போல் இரு மடங்கு இருக்கும். நான்ஸ்டிக் கல்லில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. மாடியின் கைப்பிடிச் சுவர் மீது மட்டும் வைக்காதீர்கள். கீழே நடப்பவர் தலையில் விழுந்தால் அது வேறு விவகாரம்.

ஒயரிலும் கவனம் தேவை. கேபிள் டி.வி.க்குப் பயன்படும் ஆர்.ஜி.-6 ஒயரில் இந்த அலைவரிசையின் வலிமை 10 மீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆன்டெனாவுடன் வரும் மெல்லிய கறுப்பு ஒயரை அதே நீளத்துக்கு இழுத்தால் மிஞ்சுவது மிகச் சொற்பம். ஆர்.ஜி.-6 ஒயரின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 75 ஓம், டாங்கிளுடையது 50 ஓம், இரண்டும் பொருந்தவில்லையே என்று சிலர் அஞ்சுவார்கள். அதனால் ஏற்படும் இழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. இதைவிட நல்ல வழி, கணினியையே மாடிப்படி அறைக்குக் கொண்டுபோய் ஆன்டெனா ஒயரைச் சில அடிக்குள் முடித்துக்கொண்டு, வீட்டுக்குள் வைஃபை மூலமோ லேன் கேபிள் மூலமோ இணைப்பதே. தகரக் கூரையின் கீழ் வைக்க வேண்டாம். கணினியின் சில்லு 80 டிகிரி செல்சியஸை எட்டியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இடி மின்னல் நேரத்தில் ஒயரைக் கழற்றி வைப்பதும் அவசியம்.

கேள்வி: தொலைவில் உள்ள விமானங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் மீனம்பாக்கத்தில் இறங்க வருபவை வீட்டை நெருங்கியதும் வரைபடத்தில் தடுமாறி மறைகின்றன. ஏன்?
– மாணவர், தாம்பரம்

பதில்: டாங்கிள் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு மிகுந்துவிட்டது. காதருகே வந்து கத்துபவரின் சொல் புரியாததைப்போல, மிக அருகில் உள்ள டிரான்ஸ்பாண்டரின் (விமானத்திலிருந்து செய்தி அனுப்பும் கருவியின்) அலை டாங்கிளைத் திணறடிக்கிறது. மென்பொருளின் அமைப்பில் ‘கெய்ன்’ என்ற பெருக்க அளவு உச்சமான 49.6-இல் இருக்கும், ஒவ்வொரு படியாக இறக்கி, ஒவ்வொன்றையும் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். காலை நேர நெரிசலையும் நள்ளிரவையும் ஒப்பிட்டால் முடிவு தவறும். அருகில் கைப்பேசிக் கோபுரம் இருந்தால், 900 மெகா ஹெர்ட்ஸ் பகுதியிலிருந்து வரும் அலையும் இதே தொல்லையைத் தரும். அதற்கு 1090-ஐ மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் வேண்டும்.

கேள்வி: பட்டியலில் சில விமானங்களுக்கு உயரம் இருக்கிறது, வரைபடத்தில் இடம் இல்லை. மேலும் ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வருகிறதே, அது என்ன?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இருப்பிடம் இரட்டை, ஒற்றை என இரு வகைச் செய்திகளாக மாறி மாறி அனுப்பப்படுகிறது, இரண்டும் கைக்குக் கிடைத்த பிறகே மென்பொருள் முதன்முறை இடத்தைக் கணிக்கும். வலுக்குறைந்த சமிக்ஞையில் ஒன்று வந்து மற்றொன்று தவறிவிடும். வேறு சில விமானங்கள், தரையிலுள்ள ரேடார் கேட்கும்போது உயரத்தை மட்டும் சொல்லி, இருப்பிடத்தைச் சொல்லாத பழைய டிரான்ஸ்பாண்டரைக் கொண்டவை. அவற்றின் இடத்தை, குறைந்தது 4 ரிசீவர்கள் ஒரே செய்தியைக் கேட்ட நேர வேறுபாட்டை வைத்துத்தான் கணக்கிட முடியும். தனியொரு வீட்டால் ஆகாது.

ஆறு இலக்கக் குறியீடு விமானத்தின் 24 பிட் முகவரி. மொத்தம் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகளை நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். 80 முதல் 83 வரையிலான எண்களில் தொடங்கினால் இந்தியா. 770 எனத் தொடங்கினால் அநேகமாக உங்கள் நாட்டு விமானம்.

கேள்வி: விமானங்களின் இருப்பிடத்தைக் காட்டும் இணையதளங்களான ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் இரண்டுக்கும் என் தரவை அனுப்ப விரும்புகிறேன். இரண்டாவதை நிறுவியதும் முதலாவது நின்றுவிட்டது. மின்கட்டணமும் எகிறுமோ?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கட்டணக் கவலை வேண்டாம். கணினியும் டாங்கிளும் சேர்ந்து 5 வாட் என்று கொண்டால், மாதம் முழுவதும் ஓடினாலும் 3.6 யூனிட்டே ஆகும். நின்றதற்குக் காரணம், ஒரே டாங்கிளுக்கு இரு நிரல்கள் போட்டியிடுவது. டம்ப்1090 ஒன்று மட்டும் டாங்கிளைக் கையாளட்டும். மற்றவை 30005 என்னும் போர்ட்டில் (தரவு வெளிவரும் வாயிலில்) அது தரும் தரவை வாங்கிக்கொள்ளுமாறு அமைப்பில் மாற்றுங்கள். ஆன்டெனாவின் இருப்பிடம் கேட்கப்படும்போது ஊரின் பெயரைக் கொண்டு தோராயமாகக் குறிக்காமல், கைப்பேசியை ஆன்டெனா அருகே வைத்து அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் பார்த்து எழுதுங்கள். அது ஒரு கிலோ மீட்டர் பிசகினால், முன் கேள்வியில் சொன்ன 4 ரிசீவர் கணக்கில் உங்கள் தரவைச் சேர்க்க முடியாது.