நாயின் அரிப்பும் நம் பணமும்: வாசகர் கேள்விகள்

வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியால் நாய்களுக்கு வரும் ஒவ்வாமை குறித்து வந்த கடிதங்களைச் சுருக்கி, இம்முறை ஒன்றாகத் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் லாப்ரடார் ஓயாமல் பாதத்தை நக்குகிறது. முடியை அனுப்பினால் ஒவ்வாமையைக் கண்டறியலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்து, இணையத்தில் ரூ.3,800 கட்டினேன். தூசிப் பூச்சி, கோழி, அரிசி என்று நாற்பது பொருள்கள் ஆகாது என அறிக்கை வந்துள்ளது. நம்பலாமா? (சென்னை)

பதில்: நம்ப வேண்டாம். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், நாயின் துன்பம் பொறுக்காமல் பணம் கட்டிய உங்கள் மீது குற்றமில்லை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வாமையுள்ள நாய்கள், நலமான நாய்கள் ஆகியவற்றின் முடியோடும் உமிழ்நீரோடும் செயற்கை முடியையும் உப்பு நீரையும் இத்தகைய சோதனைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயிரே இல்லாத அந்த மாதிரிகளுக்கும் ஒவ்வாமை இருப்பதாக அறிக்கை வந்தது. முறையான இரத்தப் பரிசோதனைகூட நோயை உறுதி செய்வதற்கு உரியதன்று. நலமான நாய்களுக்கும் அதில் தூசிப் பூச்சி ஒவ்வாமை இருப்பதாகத் தெரியக்கூடும் என்பதால், நோய் உறுதியான பின் ஒவ்வாமை ஊசியில் (ஆகாத பொருளையே சிறுசிறு அளவில் செலுத்தி உடலைப் பழக்கும் சிகிச்சை) எவற்றைச் சேர்ப்பது என்று முடிவு செய்யவே மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். நல்ல மருத்துவர் முதலில் தெள்ளுப்பூச்சியையும் சொறியையும் விலக்குவார், தேவைப்பட்டால் எட்டு வாரமாவது உணவை மாற்றிப் பார்ப்பார், அதன் பிறகே தூசியின் பக்கம் வருவார். இத்தனை பொறுமையான வேலையை ஒரு கொத்து முடியால் முடித்துவிடலாம் என்று விற்பது எனக்கு நெடுநாளாக ஆறாத கோபம்.

விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் பயனில்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் செல்லலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை.

கேள்வி: தூசிப் பூச்சியை விரட்டும் ஒலிக்கருவி வாங்கலாமா? (திருச்சி)

பதில்: வேண்டாம். நான் வாங்கியது பரணில் கிடக்கிறது.

கேள்வி: மருந்துக் கடையில் கேட்டு ஐவர்மெக்டின் வாங்கி வைத்திருக்கிறேன். கோலி இனக் கலப்பு நாய். எவ்வளவு கொடுக்கலாம்? (கோவை)

பதில்: ஒரு துளியும் கொடுக்காதீர்கள். ஐவர்மெக்டின் உடலில் வாழும் ஒட்டுண்ணிகளைக் கொல்லும் மருந்து. தூசிப் பூச்சி நாயின் உடலில் வாழ்வதில்லை, கடிப்பதுமில்லை. அது வீட்டு மெத்தையிலும் விரிப்பிலும் உதிர்ந்த தோலைத் தின்று வாழ்கிறது, அதன் கழிவும் உடல் துகள்களும் ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. கோலி இன நாய்கள் பலவற்றுக்கு இம்மருந்து அதிக அளவில் நஞ்சாகும். நாயைப் பார்க்காத கடைக்காரரிடம் மருந்து கேட்பது எந்த வகையில் சிக்கனம்?

கேள்வி: ‘ஒவ்வாமை தடுக்கும்’ நாய் மெத்தை ரூ.4,200-க்கு வாங்கினோம். உறையைக் கழற்ற முடியவில்லை. (புதுச்சேரி)

பதில்: உறை கழலுமா என்று வாங்கும் முன்னரே பார்த்திருக்க வேண்டும். இப்பூச்சிகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்வதால், கடலோர வீடுகளில் அவற்றுக்குக் குறையே இல்லை. வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க முடிந்தால் மட்டுமே ஒரு படுக்கை பயன்படும். பழைய பருத்திப் போர்வையை நான்காக மடித்துப் போடுங்கள், அது போதும். மெத்தையைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடியுமுன் இன்றே எழுதுங்கள்.

கேள்வி: தூசிப் பூச்சிக்கான ஒவ்வாமை ஊசியை ஐந்து மாதமாகப் போடுகிறோம். பெரிய மாற்றமில்லை. ஓராண்டு ஆகும் என்கிறார் மருத்துவர். பணம் பறிக்கிறாரா? (தூத்துக்குடி)

பதில்: இல்லை, அவர் உண்மையைச் சொல்கிறார். இந்தச் சிகிச்சைக்குப் பலன் தெரிய ஓராண்டு வரை ஆகலாம். ஏறத்தாழ பத்தில் ஆறு நாய்களுக்கே நல்ல குணம் தெரிகிறது. அதுவரை அரிப்பைத் தணிக்க வேறு மருந்து தருவாரா என்று கேளுங்கள், ஊசியை மட்டும் பாதியில் நிறுத்தாதீர்கள்.